சும்மா கிடக்க வேண்டிய நிலம்

ஒரு பருவம் நிலத்தைச் சும்மா போட்டுவைத்தால் அரசாங்கம் மானியம் தரும் என்றார்கள். விதைக்கடை வைத்திருக்கும் எனக்கு வயிறு எரிந்தது. என் தங்கைக்கு வயிறு குளிர்ந்தது. அவள் வீட்டுக் கிணற்று மோட்டார் புகைந்துபோய்க் கிடந்தது. மானியம் வந்தால் மோட்டார். மோட்டார் வந்தால்தான் அடுத்த வெள்ளாமை.

நிலம் சும்மா இருந்துவிடும். அவள் புருஷன் இருக்க வேண்டுமே! கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவார். விட்ட கீலுக்கே மறுபடி விடுவார். என் கடைக்கு வந்து நான் அடுக்கிய மூட்டைகளைக் கலைத்து அடுக்குவார்.

“உள்ளங்கை அரிக்குது மச்சான்.”

“பணம் வரப்போகுது மாப்பிள்ளை. சொறியாம இருங்க.”

“களை பிடுங்கலாமா?”

“வரப்புப் பக்கமே போகாதீங்க.”

அதிகாரி பார்வையிட வரும் நாளன்று காலையில் தங்கை போனில் அலறினாள்: “அண்ணே, இவரு கெடுத்துட்டாரு!”

ஓடிப்போய்ப் பார்த்தேன். நிலமெங்கும் இடுப்பளவு களை. கிழக்கு மூலையில் மட்டும் தலைவாரிப் பொட்டு வைத்தாற்போல ஒரு துண்டு. ஒரு களையைப் பிடுங்கியவர், பக்கத்துக் களை கோபித்துக்கொள்ளுமே என்று அதையும் பிடுங்கி, கடைசியில் களைக்கொத்தோடு வந்து பாத்தியே கட்டிவிட்டார்.

அதிகாரியும் வந்து சேர்ந்தார். “என்னங்க இது?”

“களை சார்,” என்றேன்.

“களை இல்லாத இடத்தைக் கேக்குறேன்.”

மாப்பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “கை சும்மா இருக்கல சார்.”

“கை எப்படி வேணா இருக்கட்டும். நிலம் சும்மா இருக்கணும். கொத்தின மண்ணுக்கு மானியம் கிடையாது.”

தங்கை முகம் செத்துவிட்டது. நான் நடுவில் புகுந்தேன். “சார், துணியில ஒரு ஓரம் கிழிஞ்சா முழுப் பீஸையுமா குப்பையில போடுவோம்? கிழிசலைக் கழிச்சிட்டு மீதியை எடுத்துக்குங்க.”

அவர் என்னைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். பிறகு டேப்பை எடுத்து அந்தத் துண்டை அளந்து கழித்தார். “பருவம் முடியறப்ப திரும்ப வருவேன். அதுக்குள்ள இன்னொரு பிடி மண்ணு புரண்டிருந்தா மொத்தமும் போச்சு.”

மாப்பிள்ளை முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. “கழிச்ச துண்டுல நான் எதுனாலும் பண்ணலாமா சார்?”

“அது உங்க பாடு.”

அதிகாரியின் பைக் ரோட்டில் ஏறுவதற்குள் களைக்கொத்துச் சத்தம் கேட்டது.

கழித்தது போக வரும் பணத்துக்கு இனிப் புது மோட்டார் கிடையாது. உள்ளே கம்பிச்சுற்றை மாற்றிய பழைய மோட்டார்தான். தங்கை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அண்ணே, கடையில வெண்டை விதை இருக்கா?”

“தண்ணி?”

“குடத்துல தூக்கி ஊத்தட்டும். தினமும் ஊத்தட்டும். அந்த மூலையில இந்த மனுஷனைக் கட்டிப்போட்டாதான் மீதி நிலம் தப்பிக்கும்.”

“எவ்வளவு விதை வேணும்?”

“காசு தர மாட்டேன்,” என்றாள். “நிறைய கொடு.”