சுயின்ஷி பொத்தான்

கம்ஷாத் அந்தப் பொத்தானை அழுத்தியது பழக்க தோஷத்தில்தான். பன்னிரண்டு வருஷமாக அல்மாத்தி நகரத்தில் வீட்டுத் தரகு பார்க்கிறவள். ஒப்பந்தம் முடிந்ததா, அழுத்து. கை தானாகப் போய்விட்டது. அழுத்திய பிறகுதான் திரையில் இருந்த பெயரைப் பார்த்தாள். உல்போசின்.

தரகு மென்பொருளில் இந்தச் சுயின்ஷி பொத்தானைக் கேட்டு வாங்கியதே இவளைப் போன்ற தரகர்கள்தான். நல்ல சேதியை முதலில் கொண்டுவருகிறவருக்குப் பரிசு கொடுப்பது ஊர் வழக்கம்; அந்தப் பரிசுதான் சுயின்ஷி. அதனால் யாராவது புது வீடு புகுந்தால், மென்பொருளில் பதிந்த குடும்ப அட்டையில் இருக்கிற அத்தனை பேருக்கும் "சுயின்ஷி" என்று சேதி பறக்கும். கூடவே வீட்டின் படமும் முகவரியும் காட்டும் லிங்க் ஒன்றும் போகும். உல்போசினின் அட்டை, அவளும் புருஷன் சாகெனும் நாலு வருஷத்துக்கு முன்னால் வீடு வாங்கியபோது போட்டது. அதில் முதல் நம்பரே சாகெனுடையது. போன மாதம் அவளுடைய மணிக்கட்டை முறித்தவன். அவன் கண்ணில் படாமல் அவளையும் ஆறு வயது மகளையும் குடிவைக்கத்தான் கம்ஷாத் பத்து நாளாக நாயாய் அலைந்தாள். கடைசியில் தானே அவனுக்கு முகவரி எழுதி அனுப்பிவிட்டாள், பாவி.

அந்த மென்பொருளின் பெயர் எசிக். தால்திகொர்கானில் மூன்றே பேர் நடத்துகிற கம்பெனி. கம்ஷாத் கூப்பிட்டதும் இரண்டாவது மணியிலேயே போனை எடுத்துவிட்டார்கள்.

"எசிக். எர்கெபுலான் பேசறேன்."

"தம்பி, நிறுத்துப்பா. ஒயரைப் பிடுங்கியாவது நிறுத்து. சுயின்ஷி அனுப்பிட்டேன். புருஷன்காரன் அந்தப் பொண்ணைக் கொன்னே போட்டுடுவான்."

"எந்த அட்டை அக்கா?"

உல்போசினின் பேரைச் சொன்னாள். தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"மாமியாருக்கும் கொழுந்தனுங்களுக்கும் போகாம மறிச்சிட்டேன். சாகெனுக்குப் போயிடுச்சு. ஆனா லிங்க்ல இருந்த பக்கத்தை எடுத்துட்டேன்க்கா. இனிமே திறந்தா வெறும் பக்கம்தான் வரும்."

"நல்லா இருப்பே தம்பி. போன உயிர் திரும்பி வந்துச்சு."

மறுமுனையில் மறுபடி தட்டச்சுச் சத்தம்.

"என்னப்பா?"

"நான் எடுக்கறதுக்கு முன்னாடியே ஒரு தடவை திறந்திருக்கார்க்கா. நாலு நிமிஷம் ஆகுது. இதைச் சொல்லாம விட எனக்கு மனசு வரல. உடனே கிளம்புங்க. லைனைக் கட் பண்ணாதீங்க."

சாகெனின் கடை ஊருக்கு வெளியே கார்ச் சந்தையில் இருந்தது. அங்கிருந்து வர, நெரிசலில் அரைமணிக்கு மேல் ஆகும். கம்ஷாத்தின் ஆபீஸிலிருந்து உல்போசினின் புதுக் குடியிருப்புக்கு எட்டே நிமிஷம்.

உல்போசின் கதவைத் திறந்தபோது அவள் விரலெல்லாம் மாவு. புது வீட்டின் முதல் நாள் என்று பௌர்சாக் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தாள். வீடெல்லாம் எண்ணெய் வாசனை. கம்ஷாத் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். உல்போசின் கத்தவில்லை. போய் அடுப்பை அணைத்தாள்.

"யாருக்கும் தெரியாதுன்னு நீங்கதானேக்கா சத்தியம் பண்ணீங்க" என்றாள்.

அவள் அறைந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது கம்ஷாத்துக்கு. குழந்தைக்குச் சட்டை மாட்டத் தொடங்கினாள்.

கையிலிருந்த போன் பேசியது. "அக்கா, பக்கத்து ஊர் கஸ்கெலெங்ல ரௌஷான்னு ஒரு தரகர், நம்ம மென்பொருள்தான் வச்சிருக்காங்க. ஒரு வீடு காலியா இருக்காம். கார் எடுத்துட்டு வந்துட்டிருக்காங்க, இருபது நிமிஷத்துல வந்துடுவாங்க. வீடு எங்கன்னு நான் கேக்கல. எங்க மென்பொருள்லயும் ஏத்த வேணாம்னு சொல்லிட்டேன். போலீசுக்கும் சொல்லியாச்சு, அவங்க வர நேரமாகுமாம்." ஒரு மூச்சு விட்டான். "அக்கா, இப்ப மறுபடி லிங்க்கைத் திறக்கறார். மூணாவது தடவை."

"வெறும் பக்கம்தானே வரும்?"

"அதான். வீட்டு நம்பரை மறந்துட்டார் போல. கிட்ட வந்துட்டார்னும் அர்த்தம்."

கம்ஷாத் ஜன்னல் வழியே பார்த்தாள். ஒரே அச்சில் வார்த்தது மாதிரி நாற்பது கட்டிடங்கள். நம்பர் எதற்கு, அவன் கீழே நின்று மகள் பேரைச் சொல்லி ஒரு சத்தம் போட்டால் போதும். அப்பா என்று பிள்ளை ஜன்னலுக்கு ஓடிவிடும்.

"தம்பி, அந்தப் பக்கத்துல வேற முகவரி போட முடியுமா?"

"யாரோடதைப் போடறது அக்கா? பாவம், யார் வாசல்ல போய் நிப்பாரோ."

"என் ஆபீஸைப் போடு. அதுவும் இதே பேட்டைதான், சந்தேகம் வராது."

"பூட்டிக் கிடந்தா திரும்பி வந்துடுவாரே."

"பூட்டியிருக்காது. நான் இருப்பேன்."

"வேணாம்க்கா."

"போடுடா. தப்பு பண்ணினவ நான்."

உல்போசின் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தாள். ரௌஷான் வரும்வரை கதவைத் திறக்காதே என்று சொல்லிவிட்டுக் கம்ஷாத் படியிறங்கி ஓடினாள்.

ஆபீஸில் போய் உட்கார்ந்து போனை மேஜைமேல் ஒலிபெருக்கியில் வைத்தாள்.

"திறந்துட்டார்க்கா. புது முகவரியைப் பார்த்துட்டார்."

"ரௌஷான் அவங்களை ஏத்திட்டாங்களா?"

"இன்னும் இல்ல. ஆறு நிமிஷம் ஆகும்."

வாசலில் கார் வந்து நின்றது. சாகென் உள்ளே வந்தான். மேஜையையும் சுவரில் ஒட்டியிருந்த வீட்டுப் படங்களையும் பார்த்தான். முகம் சிவந்தது.

"எங்கடி அவ?"

கம்ஷாத் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினாள். அவன் மேஜையைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்தான்.

"வணக்கம் சார்" என்றது மேஜைமேல் இருந்த போன். "எசிக் நிறுவனத்துல இருந்து எர்கெபுலான். உங்களுக்கு வந்த முகவரி தப்பு. எங்க மென்பொருளோட கோளாறு சார், அவங்க மேல தப்பே இல்ல. ரொம்ப வருந்தறோம். சரியான முகவரி வேணும்னா உங்களைச் சரிபார்க்கணும். முழுப் பேர் சொல்றீங்களா?"

சாகென் நின்றான். சரியான முகவரி என்ற சொல் அவனைக் கட்டிப் போட்டது. பேரைச் சொன்னான்.

"ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க சார், இங்க சரியா கேக்கல. அப்பா பேர்? பிறந்த தேதி? சேதி எத்தனை மணிக்கு வந்துச்சு? எந்தப் போன்ல பார்த்தீங்க? மன்னிக்கணும், பிறந்த தேதியை இன்னொரு தடவை சொல்லுங்க."

அப்படி ஒரு நிதானம், அப்படி ஒரு மரியாதை. கம்ஷாத்துக்கு ஒவ்வொரு கேள்வியும் ஒரு யுகமாகப் போனது. சாகென் உறுமினான், திட்டினான், ஆனாலும் பதில் சொன்னான். இப்படியே கால்மணி நேரம் ஓடியது.

"பொறுமையா இருந்ததுக்கு நன்றி சார். உங்க புகார் எண் பதினாறு இலக்கம். அதைச் சொன்னாத்தான் முகவரி தர முடியும். பேனா இருக்கா சார்?"

அந்த நேரம் கம்ஷாத்தின் கணினித் திரையில் ரௌஷானிடமிருந்து ஒரு வரி வந்து விழுந்தது. "ஏறிட்டாங்க. குழந்தை தூங்குது. ஊர் எல்லையைத் தாண்டறோம்."

கம்ஷாத் திரையை அணைத்துவிட்டு, சாகெனிடம் பேனாவை நீட்டினாள்.