இருட்டுவதற்குள்

வேன் பள்ளிக்கூடச் சந்தியில் இடது பக்கம் திரும்பியதும், முன் சீட்டில் இருந்த ரெங்கசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏன் தம்பி இந்தப் பக்கம் திருப்புறீங்க? வீட்டுக்கு நேராவுல்ல போகணும்."

"தெரியுங்க ஐயா. விஜேந்திரன் சேர் பள்ளிக்கூடத்துலதான் எறக்கச் சொன்னாரு. அங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க" என்றான் ஸலீம்.

பசறையில் புடவைக்கடை வைத்திருக்கும் ஸலீமும் பெரியாயி டீச்சரிடம் படித்தவன்தான். காலையில் செய்தி கேட்டதும் கடையைப் பூட்டிவிட்டுத் தன் வேனையே எடுத்துக்கொண்டு பதுளைக்கு ஓடி வந்தவன். அவனிடம் கோபித்துக்கொள்ள ரெங்கசாமிக்கு மனசு வரவில்லை.

வேனின் பின்பக்கம் பெட்டிக்குள் அவர் மனைவி பெரியாயி டீச்சர் படுத்திருந்தார். விடியற்காலையில் பதுளை ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றது. மலர்ச்சாலையில் உடலைப் பதப்படுத்தி முடித்துப் பெட்டியை ஏற்றும்போது ரெங்கசாமி ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார். இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அங்கே நின்ற அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் என்ன சொன்னாலும் ஊர் தலையை ஆட்டும், காதில் மட்டும் போட்டுக்கொள்ளாது என்பது அவருக்கு அப்போது தெரியாது. அவருக்கு இதுதானே முதல் தடவை.

பள்ளிக்கூடப் பாதையின் இரண்டு பக்கமும் வெள்ளைக்கொடி கட்டியிருந்தார்கள். வாசலில் பேனர். விஜேந்திரன் வேன் கதவைத் திறந்து ரெங்கசாமியின் கையைப் பிடித்து இறக்கினார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, டீச்சரிடம் அடி வாங்கிப் படித்து, இப்போது பதுளையில் கல்விப் பகுதியில் பெரிய உத்தியோகம் பார்க்கிறவர்.

"ஐயா, இன்னைக்கி ராவைக்கி டீச்சர் இங்கயே இருக்கட்டும். ஒங்க வீட்டு வாசல் வரைக்கும் வேன் போகாது, சனம் நிக்கவும் எடமில்ல. காலையில பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் வாராங்க. பேச்செல்லாம் முடிச்சு இங்கயிருந்தே எடுத்துருவோம். என்ன சொல்றீங்க?"

"சரிங்க" என்றார் ரெங்கசாமி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவருக்கு உறைத்தது. ஆயுள் முழுக்கச் சொல்லிப் பழகிப்போன சொல். பிரஜாவுரிமைப் படிவம் நிரப்ப டீச்சர் வேண்டும், பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரியில் சேர்க்க டீச்சர் வேண்டும், புருஷன் பெண்டாட்டி சண்டையை விலக்க டீச்சர் வேண்டும் என்று யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். அவரும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே, "சரிங்க, கூட்டிட்டுப் போங்க" என்பார். டீச்சர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார். திரும்பி வருவதற்குள் ரொட்டி விறைத்துப்போயிருக்கும். ஊருக்கெல்லாம் டீச்சர், எனக்கு மிச்சம் மீதி என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. சிரித்துக்கொண்டு சொல்லக்கூடிய பேச்சில்லை அது. டீச்சர் பென்சன் எடுத்த பிறகாவது சாயங்காலங்கள் தமக்குக் கிடைக்கும் என்று மனுஷன் ஆசையாகக் காத்திருந்தார். பென்சன் எடுத்த மறுவாரமே டீச்சர் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு இதே பள்ளிக்கூடத்தில் மாலை வகுப்பைத் தொடங்கிவிட்டார்.

பெட்டியை மண்டபத்தின் நடுவில் வைத்தார்கள். பண்டாரவளையில் கட்டிக்கொடுத்திருந்த ஒரே மகள் தயானி தலைமாட்டில் உட்கார்ந்தாள். ரெங்கசாமியை முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்தார்கள். லயத்துப் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரியைத் தொடங்கிய நேரம் பார்த்து ஒருவர் மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்றார். பாவம், அழுதுகொண்டிருந்தவர்கள் மூக்கைச் சிந்திவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார்கள்.

முதலில் பேசியவர், டீச்சர் கோபப்பட்டே தாம் பார்த்ததில்லை என்றார். ரெங்கசாமிக்குச் சிரிப்பு வந்தது. ரொட்டி ஒரு பக்கம் கருகிவிட்டால் பொழுது சாயும் வரைக்கும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பார் டீச்சர். அடுத்தவர், டீச்சர் தமக்கென்று எதற்குமே ஆசைப்பட்டதில்லை என்றார். நெத்தலிக் கருவாடு பொரித்தால் தலைகளைக் கிள்ளி இவர் தட்டில் போட்டுவிட்டு மிச்சத்தைத் தாம் எடுத்துக்கொள்கிற மனுஷியைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. அந்தக் கருவாட்டுத் தலைகளை இனி யார் போடுவார்கள் என்று நினைத்ததும் சிரிப்பு நின்று கண் நிறைந்துவிட்டது.

பிறகு விஜேந்திரன் மைக்கைப் பிடித்தார். "எங்கள் டீச்சருக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது! இந்தத் தோட்டத்தில் துரைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று கேள்வி கேட்ட முதல் பெண் அவர்!"

கைதட்ட முடியாத இடம் என்பதால் சனம் உச்சுக்கொட்டியது. ரெங்கசாமி ஜன்னல் பக்கம் பார்த்தார். வெயில் தேயிலையை விட்டு மலை உச்சிக்கு ஏறிப்போயிருந்தது.

டீச்சருக்கு இருட்டென்றால் பயம்.

எண்பத்து மூன்று கலவரத்துக்கு முன்னால் அப்படி இல்லை. அந்த ஆடி மாதம் பதுளைப் பக்கம் தமிழர் கடைகள் எரிந்து புகை எழும்பிய நாளில், லயத்துச் சனம் பிள்ளைகுட்டிகளோடு தேயிலைக்குள் பதுங்கியது. டீச்சர்தான் எல்லோரையும் அதட்டி உருட்டிக் கொண்டுபோய் ஒளித்துவைத்தார். ராத்திரி முழுக்க, சின்னப்பிள்ளையாக இருந்த தயானியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு செடிக்கடியில் கிடந்தார். முதுகுப்பக்கம் ஒரு இலை அசைந்தாலும் அவர் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பக்கத்தில் கிடந்த ரெங்கசாமி மட்டும்தான் அதைக் கண்டார். விடிந்ததும் டீச்சர் எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, பிள்ளைகள் எல்லாம் இருக்கிறார்களா என்று பார்க்கப் போய்விட்டார். ஊர் கண்டது அதைத்தான். அதற்குப் பிறகு விளக்கை அணைத்துவிட்டு டீச்சர் தூங்கியதே இல்லை. பொழுது சாய்ந்தால் தனியாக ஓரடி எடுத்துவைக்கமாட்டார்.

"யாருக்கிட்டயும் சொல்லிறாதீங்க. நானே பயப்படுறேன்னு தெரிஞ்சா புள்ளைங்க என்னாகும்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுக்கொண்டார்.

அதனால்தான் சாயங்காலமானால் ரெங்கசாமி டீச்சரைக் கூட்டிவரப் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்பார். பெண்டாட்டியைச் சந்தேகப்படுகிறான் என்று கொஞ்சப் பேர் சொன்னார்கள். முந்தானையை விட்டால் இவனுக்கு வழி தெரியாது என்று மிச்சப் பேர் கேலி பண்ணினார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் கூட வேலை செய்த அழகர், "என்னடா, ரெண்டாவது டூட்டிக்கிக் கெளம்பியாச்சா?" என்று வழியில் மறித்துக் கேட்பான். எல்லாவற்றுக்கும் ரெங்கசாமியிடம் ஒரு அசட்டுச் சிரிப்புதான் இருந்தது. இருபது வருஷமாக டீச்சரின் மானத்தை அந்தச் சிரிப்புதான் காப்பாற்றியது.

இப்போது டீச்சரை ராத்திரி முழுக்க இந்த மண்டபத்தில் கிடத்தப்போகிறார்கள். செத்தவர்களுக்கு ஏது பயம் என்று புத்தி சொல்லிப் பார்த்தது. புத்தி சொல்வதைக் கேட்கிற நிலையில் அவர் இல்லை. இன்று ஒரு ராத்திரிதான் மிச்சம். அதையும் ஊர் வாங்கிக்கொண்டுவிட்டால் அவருக்கென்று ஒன்றுமே இல்லை. டீச்சர் வேண்டும் என்று முதல் தடவையாக அவருக்குக் கேட்கத் தோன்றியது.

மைக்கில் அடுத்தவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து விஜேந்திரனிடம் போனார்.

"டீச்சர நான் கூட்டிட்டுப் போறேங்க."

"எங்கங்க ஐயா?"

"வீட்டுக்கு. பொழுது போயிருச்சு."

விஜேந்திரன் அவரை ஓரமாகக் கூட்டிப்போனார். "நீங்கதானே ஐயா சரின்னு சொன்னீங்க? அந்த ஏத்தத்துல பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போயி, காலையில திரும்ப எறக்கி... மழ வேற வரும் போல இருக்கு. இங்க விடிய விடிய ஆளுங்க இருப்பாங்க. ஏன் வீட்டுக்குத்தான் போகணும்ங்கிறீங்க? சொன்னாத்தானே தெரியும்."

அதைத்தான் சொல்ல முடியவில்லை. சொன்னால் இந்த நிமிஷமே தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். அவர் வாயைத் திறந்தார். மண்டபம் நிறைய டீச்சரின் பிள்ளைகள், நரைத்த தலையும் வழுக்கைத் தலையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ரெங்கசாமி பேச்சை மாற்றிக்கொண்டார்.

"நான் சரின்னு சொன்னது தப்புங்க. மன்னிச்சிருங்க. கூட்டிட்டுப் போறேன்."

ஆள்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். "பெருசு கலங்கிப்போயிருச்சு, ஒரு டீ குடுங்கப்பா" என்று யாரோ சொன்னார்கள். அழகர் வந்து தோளில் கைபோட்டு, "டேய், ஒக்காருடா. இன்னைக்கி என்னடா டூட்டி?" என்றான். இந்தத் தடவை கேலியாகச் சொல்லவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு தயானி வந்தாள்.

"என்னப்பா இது? எல்லா ஏற்பாடும் பண்ணிட்டாங்க. ராவைக்கி நான் அம்மாகூடத்தானே இருக்கப்போறேன்?"

ரெங்கசாமி மகளின் முகத்தைப் பார்த்தார்.

"இருட்டிருமே, தயானி" என்றார்.

தயானியின் கண் ஜன்னல் பக்கம் போனது. வெளியே தேயிலைமலை கறுத்துக்கொண்டு வந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கை தானாக மேலே போய் வாயைப் பொத்திக்கொண்டது. அழுகையை அடக்குகிறாள் என்று பெண்கள் நினைத்தார்கள். பிறகு கையை எடுத்துவிட்டு அவள் விஜேந்திரன் பக்கம் திரும்பினாள்.

"அம்மாவ வீட்டுக்குத் தூக்கணும் சேர். இப்பவே தூக்கணும்."

டீச்சர் பேசியது போலவே இருந்தது. விஜேந்திரன் தம்மையறியாமல் கையைக் கட்டிக்கொண்டார்.

"காலையில திரும்பக் கொண்டாந்துரலாம், என்ன?" என்று மட்டும் கேட்டார்.

"காலையில நீங்களே வச்சிக்கிருங்க" என்றார் ரெங்கசாமி.

வீட்டுக்குப் போகிற பாதை தேயிலைக்குள் வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கம் தண்ணீர் ஓடுகிற கான். விஜேந்திரன் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு முன்பக்கம் தோள்கொடுத்தார். ஸலீம் பின்பக்கம். லாம்பு கொண்டு வருகிறோம் என்று லயத்துப் பெண்கள் முன்னால் ஓடினார்கள்.

"நீங்க முன்னுக்குப் போங்க ஐயா" என்று யாரோ வழிவிட்டார்கள்.

"இல்ல, நான் பின்னாலதான் வருவேன்" என்றார் ரெங்கசாமி. பெட்டியை ஒட்டினாற்போல் அவர் நடந்தார். அவருக்குப் பின்னால் தயானியும் மற்றவர்களும் வந்தார்கள்.

சவுக்கு மரத்து வளைவு வந்தது. பெட்டி மெதுவாகச் சாய்ந்து திரும்பியது. இந்த இடத்தில் முன்னால் நடக்கிற டீச்சர் எப்போதும் திரும்பிப் பாராமலே, "வாரீங்களா?" என்று கேட்பார். சும்மா பேச்சுக்குக் கேட்பது போல இருக்கும். அவரும் "வாரேன்" என்பார். அடுத்த வளைவிலும் அதே கேள்வி, அதே பதில். ஆரம்பத்தில் ஒருநாள் விளையாட்டாகப் பதில் சொல்லாமல் இருந்து பார்த்தார். டீச்சர் நின்ற இடத்திலேயே விறைத்துப்போய் நின்றுவிட்டார். அதற்குப் பிறகு ரெங்கசாமி ஒருநாளும் அந்த விளையாட்டு விளையாடியதில்லை.

தூக்குகிறவர்களின் மூச்சு இரைத்தது. மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது.

"வாரேன்" என்றார் ரெங்கசாமி.

பின்பக்கம் தோள்கொடுத்திருந்த ஸலீம் தலையைத் திருப்ப முடியாமல் கேட்டான். "என்னங்க ஐயா, கூப்பிட்டீங்களா?"

"ஒங்கள இல்ல தம்பி. நீங்க நடங்க."

அடுத்த வளைவிலும் அவர் சொன்னார். அதற்கடுத்த வளைவில் கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஏற்றத்தில் கால் பின்தங்கி, பெட்டி அவரை விட்டு முன்னால் போயிருந்தது.