இரண்டிரண்டாகக் கேட்டது

"மூக்குக்கண்ணாடியா அத்தான்? வேதப்புஸ்தகமா?" என்று ஒவ்வொன்றாக ஞானையனின் கையில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தார் அவருடைய மைத்துனர் அருமைநாயகம். அந்த இடது கை எதையும் பிடிக்கவில்லை. போர்வையைப் பிராண்டிக்கொண்டே இருந்தது.

ஞானையன் காலேஜில் தாவர சாஸ்திரம் சொல்லிக்கொடுத்தவர். முந்தின நாள் காலேஜ் தோட்டத்தில் மயங்கி விழுந்தவரை ஜட்காவில் பாளையத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வலது பக்கம் செத்துவிட்டது. கண் திறக்கவில்லை. பேச்சில் மிஞ்சியது, இரண்டு வருஷமாக மெனக்கெட்டு அவர் தமிழாக்கிய செடி உறுப்புகளின் பெயர்கள் மட்டும்தான்.

"எதிரிலை" என்றார். கொஞ்சம் கழித்து, "புல்லிவட்டம்" என்றார்.

இலை என்று காதில் விழுந்ததும் அருமைநாயகம் ஓடிப்போய் வெற்றிலை கொண்டுவந்தார்.

"மாமா, சும்மா இரிங்க" என்றாள் மகள் சுசீலா.

"எப்பிடி சும்மா இரிக்க? அத்தான் என்னமோ கேக்காவ பிள்ளே."

சாயங்காலம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கேட்டது என்னவென்றே தெரியாமல் அப்பாவை அனுப்பிவிடுவோமோ என்ற பயம் சுசீலாவை உட்காரவிடவில்லை. ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள்.

பெயர் தெரியாத செடியை அவர் எப்படிப் பிடிப்பார் என்று அவளுக்குத் தெரியும். கரமனை ஆற்றங்கரைக்கு அவளைத்தான் கூட்டிப்போவார். கேள்விகள் இரண்டிரண்டாக வரும். தனியிலையா, கூட்டிலையா? விளிம்பில் பல் உண்டா, இல்லையா? காம்பு இருக்கிறதா, தண்டோடு ஒட்டியிருக்கிறதா? ஒவ்வொரு பதிலுக்கும் பாதிச் செடிகள் கழிந்துபோகும். கடைசியில் ஒன்றுதான் நிற்கும். அந்த வீட்டில் மாமாவின் காதுகூடத் தப்பியதில்லை. 'இதய வடிவம், விளிம்பில் ரோமம்' என்று அது எப்போதோ வகைப்படுத்தப்பட்டுவிட்டது.

அவள் கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள்.

"அப்பா, ஆமான்னா அழுத்துங்க. உயிருள்ளதா?"

கை இறுகியது.

"செடியா?"

கை சும்மா கிடந்தது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஆளா?"

இறுகியது. அருமைநாயகம் கிட்டே வந்து குனிந்தார்.

"ஆம்பிளையா?"

இல்லை.

"அப்பம் பொம்பிளையா? இந்த வீட்டுலயா?"

இறுகிய கை கொஞ்ச நேரம் தளரவே இல்லை.

வீட்டில் இருந்த பெண்கள் இரண்டே பேர். அம்மா ரத்னாபாய் அடுக்களையில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். 'செடிகிட்ட பேசியதுல பாதி எனக்கிட்ட பேசப்பிடாதா?' என்பது கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய புலம்பல். சுசீலாவோ அவர் பின்னாலேயே சேற்றில் நடந்து, அவர் கண்டுபிடித்த ஒவ்வொரு சொல்லையும் முதலில் கேட்டவள். அவர் கேட்பது தன்னையாகத்தான் இருக்கவேண்டும் என்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டாள்.

"நானா அப்பா?"

கை அழுத்தவில்லை.

"அம்மையா?"

அதற்கும் அழுத்தவில்லை. மறுபடியும் கேட்டாள். அவள் பிடிக்குள் விரல்கள் அசையாமல் கிடந்தன. 'நானா' என்று கேட்டதற்கு இல்லை என்றாரா, அதற்கு முன்பே போய்விட்டாரா என்று இனி யாரிடமும் கேட்கமுடியாது.

அருமைநாயகம் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கஞ்சிக் கிண்ணத்தோடு வந்த ரத்னாபாய்க்கு அருமைநாயகத்தின் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"கடைசி மட்டும் கேட்டுக்கிட்டேதான் இருந்தாவளா? என்ன வேணும்னு தெரிஞ்சுதா மக்களே?"

அருமைநாயகம் சுசீலாவைப் பார்த்தார்.

"தெரிஞ்சுது" என்றாள் சுசீலா. "ஒங்களத்தான் கேட்டாவ அம்மா."

"என்னையா?"

"ஆமா. கைய அழுத்திச் சொன்னாவ."

ரத்னாபாய் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவசரமாகக் கட்டிலருகே போய் அவர் காதில் குனிந்தாள்.

"இந்தா, வந்திட்டேன்."

சுசீலா அதுவரை விடாமல் பிடித்திருந்த கையை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, எழுந்து இடம் விட்டாள்.