நடுவில் இழுவை இல்லை

8.3.1957, வெள்ளிக்கிழமை. நேற்றுப் பின்னேர வகுப்பில் நான் எழுதிக் கொடுத்த விடை பிழை. சூரியனின் நடுவில் எல்லாப் பக்கமும் சமமாக இழுப்பதால் அங்கே இழுவை இல்லை என்று எழுதியது சரி. பாரமான பொருளுக்குக் கிட்ட நேரம் மெதுவாகும், ஆனால் நடுவில் இழுவை இல்லாததால் அங்கே மெதுவாகாது என்று எழுதியது பிழை.

எழுதிவிட்டும் காலிதீன் பேனையை மூடவில்லை... காரைதீவிலிருந்து சைக்கிளில் வருகிற மாஸ்டர் சிரித்தாரே, "இழுவையைப் பார்த்தீர், அங்கேயிருந்து மேலே ஏறி வர எவ்வளவு பாடு எண்டு பார்க்கல்லியே காலிதீன்" என்று, நடுவிலிருந்துதான் ஏற்றம் ஆகக் கூட, அங்கே வைத்த மணிக்கூடுதான் ஆகப் பிந்தும், கணக்கு அப்படித்தான் சொல்கிறது, ஒரு பக்கமும் சாயாமல் நிற்கிற இடம் பாரமில்லாத இடம் என்று தனக்கு ஏன் பட்டது... குசினியில் தங்கச்சி சுபைறா சுளகில் அரிசி புடைக்கிறாள், ஒரே சீராக, புருஷன் பக்கீர் காய்ச்சலில் மவுத்தானதிலிருந்து இப்படித்தான், அழுகையில்லை, கோபமில்லை, புருஷனை இழந்தவளுக்குரிய நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இத்தா இருந்து எழும்பி ஒன்பது நாள், அவள் தேறிவிட்டாள் என்று ஊருக்குச் சொன்னது யார், அண்ணன் காலிதீன்தான், செவ்வாய்க்கிழமை சம்மாந்துறை முகம்மது தம்பி தன் தம்பிக்கு இவளைப் பெண் கேட்டு வந்தபோது அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் "ஓம்" என்றதும் அவன்தான். இது அவளுடைய சீதன வீடு, இதற்குள் ஓர் ஆம்பிளை வந்துவிட்டால் தானும் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போகலாம்... அந்த ஓமில் அவளுக்கு எவ்வளவு, தனக்கு எவ்வளவு?

"தேத்தண்ணி ஆறிட்டு காக்கா. சூரியனுக்க வெச்சிக் குடிக்கப் போறீங்களா?"

நேற்றிரவு அவன் சொன்ன சூரியனை வைத்துப் பகிடி விடுகிறாள், நல்லாத்தான் இருக்கிறாள் என்று மனம் உடனே தாவியது, தாவியதைப் பிடித்து நிறுத்தினான், நேற்றுப் பிழைவிட்டதும் இப்படித் தாவித்தானே... எதையாவது கேட்கவேண்டும் போலிருந்தது.

"தங்கச்சி, இத்தா முடிஞ்சி எத்தின நாள்?"

சுளகு நின்றது. "ஊருக்கெண்டா ஒம்பது நாள் காக்கா" என்றாள், பகிடி விட்ட அதே குரலில், பிறகு புடைக்கத் தொடங்கினாள்.

அதே குரல்... இந்தக் கலியாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டு, அதே குரலில் அவள் "ஓம்" என்றால் அதை எப்படி எடுப்பது, "இல்லை" என்றாலும் அதே குரல்தானே... 'இன்றே கேட்பது' என்று எழுதக் கை வரவில்லை.

நாளை, சனிக்கிழமை: முதலில் சுபைறாவிடம் கேட்பது. அவள் என்ன சொன்னாலும் ஏழு மணி பஸ்ஸில் சம்மாந்துறைக்குப் போய், முன்பு சொன்ன ஓம் என்னுடையது, அவளுடையதல்ல என்று முகம்மது தம்பியிடம் சொல்வது.