அந்தக் கால் என்னுடையது

பல்லக்காவின் கால் உடைந்தது ஒரு காலை வேளையில், குப்பைத் தொட்டியை வாசலுக்கு இழுத்து வந்தபோது. பெரிய சாலையின் சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாத ஒரு கார், எல்லாக் கார்களையும் போலவே குறுக்கு வழி தேடி அவள் தெருவுக்குள் புகுந்தது. எதிரே இன்னொரு கார். இரண்டும் ஒதுங்க இடமில்லை. ஒன்று நடைபாதையில் ஏறியது. தொட்டி ஒரு பக்கம், பல்லக்கா ஒரு பக்கம். ஓட்டியவன் கண்ணாடியை இறக்கி, "பார்த்து வரக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் போயே போய்விட்டான். தன் வீட்டு வாசலில் நின்றவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது.

பல்லக்கா என்ற பெயர் தொழிலால் வந்தது. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, அச்சில் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு வடித்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டுப் பொய்ப்பல் செட் செய்து கொடுப்பாள். "ஊர்ல இருக்கிற வாய்க்கெல்லாம் மாவு ஊத்தினேன், இப்ப என்னையே ஊத்தி வெச்சுட்டாங்க" என்று ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்ட காலைக் காட்டிச் சிரித்தாள். அப்போது சிரிக்க முடிந்தது.

நாத்தனார் பழக்கூடையோடு பார்க்க வந்தாள். கணவனின் ஒரே தங்கை. ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். கெட்டிக்காரி, பேச்சில் தேன் சொட்டும். கட்டிலருகே உட்கார்ந்து கண் கலங்கினாள்.

"அண்ணி, இதைச் சும்மா விடக் கூடாது. நம்ம அஞ்சு தெருவுலயும் இந்தக் குறுக்கு வண்டிங்களை நிறுத்தியாகணும். கமிட்டி போட்டிருக்கோம். உங்க காலை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோம்மா. காலுக்கு என்ன, கண்ணா மூக்கா, தெரிஞ்சவங்க அடையாளம் கண்டுபிடிக்க?"

பல்லக்கா வீடு திரும்பியபோது அவளுக்கு முன்பே அவள் கால் தெருவுக்கு வந்திருந்தது. விளக்குக் கம்பங்களிலும் கடை வாசல்களிலும் பெரிதுபெரிதாக மாவுக்கட்டு. கீழே சிவப்பு எழுத்தில், "அடுத்தது யார் கால்?" முனைக்கடைக்காரர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். எதிர்வீட்டுப் பெண், "அக்கா, உங்க கால் எங்களைவிடப் பிரபலமாயிடுச்சு" என்றாள். உள்ளுக்குள் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வலிக்கு ஒரு பலன் கிடைக்கப் போகிறதே என்று, கமிட்டி நீட்டிய மனுவில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் பகுதியின் அமைப்பு இதுதான்: பெரிய சாலையிலிருந்து பாலத்துச் சாலைக்கு ஐந்து தெருக்கள் வரிசையாக ஓடுகின்றன. முதல் நான்கும் அகலமானவை, இருபுறமும் மரங்கள். நாத்தனார் இருப்பது இரண்டாம் தெருவில். ஐந்தாவது பல்லக்காவின் தெரு. குறுகல். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் தொலைக்காட்சியில் செய்தி பார்க்கலாம்.

ஒரு நாள் நகராட்சி லாரி வந்து, தெருக்களின் நடுவில் கான்கிரீட் பூந்தொட்டிகளை இறக்கியது. ஆள் நடக்கலாம், சைக்கிள் போகலாம், கார் ஊடுருவ முடியாது. முதல் தெருவில் இறக்கினார்கள். இரண்டாவதில், மூன்றாவதில், நான்காவதில் இறக்கினார்கள். பல்லக்கா ஊன்றுகோலோடு வாசலில் காத்திருந்தாள். லாரி அவள் வீட்டைத் தாண்டி, காலியாக, குலுங்கிக்கொண்டு போனது.

"இன்னும் தொட்டி வரணும் போல இருக்கு" என்றார் கணவர். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கோபம் என்ற பொத்தானே இல்லாமல் செய்யப்பட்டவர்.

தொட்டி வரவில்லை. வண்டிகள்தான் வந்தன. ஐந்து தெருவாகப் பிரிந்து போனவை எல்லாம் ஒரே தெருவில் வந்து விழுந்தன. காலையில் ஆரம்பிக்கும் ஹாரன் மதியம் கொஞ்சம் மூச்சு வாங்கி, சாயங்காலம் மறுபடி பிடித்துக்கொள்ளும். முன்னறை மேஜை அதிர்ந்தது. மெழுகில் நேராக நட்ட முன்பல், திரும்பிப் பார்ப்பதற்குள் கோணிக்கொண்டது. எதிர்வீட்டுப் பெண் தன் குழந்தையைத் தெருவைத் தாண்டிக் கொண்டுவரக் கையை உயர்த்திக்கொண்டு, சரணடைய வருகிறவளைப் போல நின்றாள். நடைபாதையில் ஏறும் கார்கள் பல்லக்காவின் வாசற்படியை உரசின. அவற்றுக்கு மேலே, கம்பத்தில், அவள் கால் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நாத்தனார் வீட்டுக்கு நடந்தாள். ஊன்றுகோலோடு இரண்டாம் தெருவில் திரும்பியதும் அவளை நிறுத்தியது அமைதிதான். நடுத்தெருவில் இரண்டு சிறுமிகள் இறகுப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் நாற்காலியைத் தார்ச்சாலையிலேயே போட்டுப் பேப்பர் படித்தார். பறவைச் சத்தம்கூடக் கேட்டது. பார்க்கப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் வயிற்றைப் பற்ற வைத்தது.

"எங்க தெருவுக்கு எப்பம்மா தொட்டி?" என்று நேராகக் கேட்டாள்.

நாத்தனார் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். "அண்ணி, உட்காருங்க. அஞ்சையும் மூடினா ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி எல்லாம் எப்படிப் போகும்? ஒண்ணு திறந்திருக்கணும்னு முடிவாச்சு."

"அந்த ஒண்ணு எதுக்கு எங்களுது? இருக்கிறதுலயே குறுகலான தெரு அது."

"உங்க தெருவுல வண்டி பழகிப்போச்சு இல்லையா? இங்கே எல்லாம் வயசானவங்க, குழந்தைங்க..."

"எங்க தெருவுல நாங்க என்ன, பொம்மையா? அங்க பொறக்கிற குழந்தை ஹாரனோட பொறக்குதா?"

"கோபப்படாதீங்க. இது சோதனைக்குத்தான். கொஞ்ச மாசம் பாருங்க."

"என் காலைக் காட்டி உங்க தெருவை மூடிக்கிட்டீங்க. அந்தக் கால் உடைஞ்சது உங்க தெருவுல இல்லம்மா, என் வாசல்ல."

நாத்தனாருக்கு முகம் சிறுத்தது. "ஊருக்காக நான் ஓடறேன். சொந்த அண்ணியே இப்படிப் பேசினா என்ன பண்றது?" என்று உள்ளே போய்விட்டாள். பல்லக்கா தண்ணீரைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

வீட்டில் கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் கையிலிருந்த திருப்புளியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"விடும்மா. அவ என் கூடப் பிறந்தவ. கெட்ட எண்ணத்தோட பண்ணியிருக்க மாட்டா."

"நல்ல எண்ணத்தோடயே என் தலையில கட்டிட்டா. போதுமா?"

அவர் திருப்புளியைப் பெட்டியில் போட்டு மூடினார். வெளியே ஒரு லாரி பின்வாங்கும் சத்தம் பதில் சொன்னது.

செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாளே முனைக்கடைக்காரர் ஒரு டாக்சி ஓட்டுநரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தொட்டிகளே வேண்டாம் என்று கிளம்பியிருக்கும் கூட்டம் அது.

"அக்கா, உங்க வயித்தெரிச்சல் எங்களுக்குப் புரியுது" என்றார் டாக்சிக்காரர். "இந்தத் தொட்டியால எனக்கு ஒவ்வொரு சவாரிக்கும் ஊரைச் சுத்த வேண்டியிருக்கு. நீங்க எங்க பக்கம் வந்துடுங்க. அதே காலைப் போடறோம். கீழே, 'இவரே வேண்டாம் என்கிறார்!' அவ்வளவுதான். அடுத்த கூட்டத்துல தொட்டி எல்லாம் காலி."

"தொட்டி போனா?"

"பழையபடி எல்லாத் தெருவுலயும் வண்டி போகும்."

"அதாவது என் கால் உடைஞ்ச நாள் மாதிரி."

டாக்சிக்காரர் முனைக்கடைக்காரரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள் பல்லக்கா. "ஆளாளுக்கு வந்து என் காலைக் கேக்கறீங்க. அதை வெச்சுக்கிட்டு நான் நடக்க வேண்டாமா? போங்க ரெண்டு பேரும். என் காலை யாரும் தொடக் கூடாது."

பள்ளி மண்டபத்தில் கூட்டம். நகராட்சிப் பொறியாளர் வந்திருந்தார். இளைஞர், எந்தப் பக்கமிருந்து கல் வரும் என்று தெரியாதவரைப் போலச் சட்டைக் காலரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். மேடைத் திரையில் சுவரளவுக்கு அவள் கால். நாத்தனார் மைக் பிடித்து, நான்கு தெருக்களில் வந்திருக்கும் நிம்மதியைப் பற்றி உருக்கமாகப் பேசினாள். டாக்சிக்காரர் எழுந்து கத்தினார். அவரை உட்காரச் சொல்லி இன்னொருவர் கத்தினார். 'சாலை எல்லாருக்கும் பொது' என்று ஒரு பக்கம், 'தெரு என்ன நெடுஞ்சாலையா' என்று ஒரு பக்கம்.

பல்லக்கா எழுந்தாள். மைக் அவளிடம் வர நேரமானது.

"திரையில தெரியற அந்தக் கால் என்னுது" என்றாள்.

மண்டபம் திரும்பியது.

"நான் செத்துட்டேன்னு நினைச்சுட்டீங்களோ என்னவோ, யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கல. இது உடைஞ்சது அஞ்சாம் தெருவுல. இதைக் காட்டி மத்த நாலு தெருவையும் மூடிட்டு, எல்லா வண்டியையும் அதே அஞ்சாம் தெருவுக்கு அனுப்பியிருக்கீங்க. அடிபட்டவ வாசல்லயே கொண்டாந்து கொட்டியிருக்கீங்க. வெக்கமா இல்ல? தொட்டியை எடுக்கச் சொல்லல நான். அந்தத் தெருவுல குழந்தைங்க விளையாடறதைப் பார்த்தேன். எனக்கும் அது வேணும். எங்களுக்கும் தொட்டி போடுங்க. இல்லேன்னா என் காலைக் கீழ இறக்குங்க."

பொறியாளர் தொண்டையைச் செருமினார். "அம்மா, அதையும் மூடினா வண்டி எல்லாம் பெரிய சாலையிலயே தேங்கி நிக்கும்."

"நிக்கட்டும். பெரிய சாலையை எதுக்குப் போட்டீங்க?"

கைதட்டல். ஐந்தாம் தெருக்காரர்கள் எழுந்தே தட்டினார்கள். ஆனால் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "பெரிய சாலைக்கு மேல மாடியில நாங்க குடியிருக்கோம். நாங்க மனுஷங்க இல்லையா?" சலவைக்கடைச் சீருடையிலேயே வந்திருந்த ஒரு பெண். பல்லக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "அதுக்கும் அவங்கதான் வழி சொல்லணும்" என்று மேடையைக் காட்டினாள். சொன்னது அவளுக்கே போதாமல் இருந்தது.

அதற்குள் நாத்தனார் பொறுமை இழந்திருந்தாள். "ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்னு யாராவது யோசிச்சீங்களா?"

"அது பிரச்சினையில்ல மேடம்" என்றார் பொறியாளர் அப்பாவியாக. "தொட்டிக்குப் பதிலா மடக்குத் தூண் வெச்சா, சாவி போட்டுத் திறந்து அவங்க போயிக்கலாம். அஞ்சு தெருவுக்கும் அப்படித்தான் நான் முதல்ல வரைஞ்சேன். உங்க கமிட்டிதான் அஞ்சாவதைத் திறந்து விடச் சொன்னது."

எல்லாத் தலைகளும் நாத்தனார் பக்கம் திரும்பின.

"ஏன்?" என்று கேட்டது பல்லக்கா இல்லை. அவள் பக்கத்தில், அதுவரை மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்த கணவர். எழுந்து நின்றிருந்தார். "ஏன்னு சொல்லும்மா."

"அண்ணா, வீட்டுல பேசிக்கலாம்..."

"இங்கேயே சொல்லு."

நாத்தனார் சுற்றிலும் பார்த்தாள். தேன் வற்றிப் போயிருந்தது. "எல்லாத்தையும் மூடிட்டா நாங்க பாலத்துக்கு எப்படிப் போறது? தினமும் கடைக்கு அவ்வளவு தூரம் சுத்திட்டா போக முடியும்? எங்களுக்கும் ஒரு வழி வேணும் இல்லையா?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது.

"அப்ப அந்தக் குறுக்கு வண்டியில ஒண்ணு உன்னுது" என்றார் அண்ணன். சத்தம் போடவில்லை. "உன் அண்ணி வாசல் வழியா நீ போகணும்னுதான் இவ்வளவும். அவளைப் பார்க்க வந்தப்ப அழுதியே, அது எதுக்கும்மா?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். பின்னால் மண்டபம் கொதித்தது. பல்லக்கா இத்தனை வருடத்தில் அவர் கோபப்பட்டுப் பார்த்ததில்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் இருவரும் கம்பம் கம்பமாகப் போய்ச் சுவரொட்டிகளைக் கிழித்தார்கள். எட்டியதை அவள், எட்டாததை லிஃப்ட் வேலைக்கு வைத்திருக்கும் மடக்கு ஏணியில் ஏறி அவர். இரண்டாம் தெருவில் ஒருவர், "யாரைக் கேட்டுக் கிழிக்கிறீங்க?" என்று வந்தார்.

"கால்காரியைக் கேட்டு" என்றாள் பல்லக்கா. அவர் ஊன்றுகோலைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

நகராட்சி என்றால் நகராட்சிதான். இழுத்தடித்தார்கள், அளந்தார்கள், அளந்ததை மறந்து மறுபடி அளந்தார்கள். ஐந்தாம் தெருக்காரர்கள் அலுவலக வாசலில் நின்று நின்று காவலாளிக்குச் சொந்தக்காரர்கள் போல ஆனார்கள். கடைசியில் மடக்குத் தூண்கள் வந்தன, ஐந்து தெருவுக்கும். முதல் நாள் காலையில் பல்லக்கா ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்தாள். நட்ட பல் நட்ட இடத்திலேயே நின்றது.

நாத்தனார் வருவதில்லை. கணவர் மட்டும் மாதத்தில் ஒருமுறை தங்கையைப் பார்த்துவிட்டு வருவார். என்ன பேசினார்கள் என்று பல்லக்கா கேட்பதில்லை. கோபம் போய்விட்டதா என்று எதிர்வீட்டுப் பெண் ஒருமுறை கேட்டதற்கு, "அதுக்கு ஏன் போகணும்? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

ஒரு மதியம் வாசலில் சலவைக்கடைச் சீருடை நின்றது. மாடிக்காரப் பெண்.

"நீங்க ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கீங்க" என்றாள், குத்தலா வருத்தமா என்று தெரியாத குரலில். "நாங்க இப்ப திறக்கிறதே இல்ல. லாரியாவது ஊருக்கு வெளியே சுத்திப் போகட்டும்னு நகராட்சியில கேக்கப் போறோம். கூட்டம் இருக்கு. உங்க தெருக்காரங்க யாரும் வர மாட்டாங்கன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

"எல்லாரும்தான்."

பல்லக்கா கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள். கணவர் உள்ளிருந்து எட்டிப் பார்த்து, "மறுபடியுமா?" என்றார்.

"மறுபடியும்தான்" என்றாள் அவள். பிறகு அந்தப் பெண்ணிடம், "உள்ள வாம்மா. முதல்ல உட்காரு. லாரி எப்பலேர்ந்து ஓடுது, சொல்லு" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.