பத்துச் சட்டியும் ஒரு கண்ணும்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்த கை அழுகிப் போகட்டும். புஸ்பம் தன் வளவு வேலியோரம் பத்துத் தயிர்ச் சட்டிகளை, அடிமட்டம் பிடித்து, ஓரடிக்கு ஒன்றாக வைத்த காலை அது. மூன்று கிழமையாக அவளுடைய தயிர் உறையவில்லை. சட்டியைச் சரித்தால் கஞ்சித் தண்ணிபோல ஓடியது. சனிக்கிழமை மாதர் சங்கத்தார் வந்து, இனிப் புளியந்தீவுக் கடைகளுக்கு யாருடைய தயிர் போவதென்று தீர்மானிப்பார்கள். பால் சேகரிக்கும் நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் ஊரார் பாலையெல்லாம் சோதித்துக் கழித்தவள், தன் தயிரைக் கையில் ஏந்திக்கொண்டு தலைகுனிந்து நிற்பதா? குறை தன் கையில் இல்லை, வேலிக்கு அங்கால இருக்கிற கேதீஸ்வரியின் கண்ணில் இருக்கிறது என்பது புஸ்பத்தின் கருதுகோள். கருதுகோளை வாயால் சொல்லித் திரிகிற ஆள் அவளில்லை. அளந்து காட்டப் போகிறாள்.

இருவரும் முகம் பார்த்துப் பேசிப் பதினொரு வருடம். கேதீஸ்வரியின் பாலில் தண்ணீர் என்று புஸ்பம் எல்லார் முன்னாலும் வாளியைத் திருப்பி அனுப்பிய நாளோடு பேச்சு நின்றது. அதன்பிறகு புஸ்பம் தன் கோழியோடு பேசுவாள், கேதீஸ்வரி தன் ஆட்டோடு பேசுவாள். சேதி பிசகாமல் போய்ச் சேரும்.

"கேட்டியா கோழி, அஞ்சு சட்டிய அந்த எரிச்சல்காரி பாக்கட்டும். சட்டிக்குப் பத்து நிமிசம். மற்ற அஞ்சையும் நான் தென்னங்கிடுகால மறைக்கிறன்."

"பாக்கன் எண்டு சொல்லு ஆடு. பத்து நிமிசம் என்னத்துக்கு? நான் பாத்தா சட்டியே வெடிக்கும்."

"இடையில இமைக்கப்படாது. அளவு பிழைக்கும்."

"இமைக்காமப் பாக்க நான் என்ன மீனா, ஆடு?"

பால் கொண்டுவந்த ஏறாவூர் உசனார் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வேலியைப் பார்த்தார், பிறகு புஸ்பத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி, உடம்புக்குச் சுகந்தானே?"

"நீங்க இண்டைக்குக் கருவி, உசனார் காக்கா. கருவி கதைக்கப்படாது. இஞ்ச இரிங்க."

கண்ணூறு கழிக்கச் செத்தல் மிளகாயைச் சுற்றி நெருப்பில் போடுவார்கள். நெடி ஏறினால் கண்ணூறு இல்லை, நெடி ஏறாவிட்டால் இருக்கிறது. ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எவ்வளவு நெடி என்று ஒருவரும் அளந்ததில்லை. புஸ்பம் பொன் நிறுக்கும் தராசில் மிளகாயைப் பத்துப் பத்துக் கிராமாக நிறுத்தாள். எல்லாச் சட்டிக்கும் ஒரே எருமையின் பால், ஒரே நாற்பத்திரண்டு பாகை சூடு, ஊசிக் குழலில் அளந்த இருபது மில்லிலீற்றர் உறைமோர். கேதீஸ்வரி வேலிப் பொட்டு ஓட்டைக்குள்ளால் பார்த்து முடித்ததும் சட்டிக்குச் சட்டி மிளகாய் சுற்றி உசனாரின் மூக்குக்குக் கீழே எரித்தாள். தும்மலை எண்ணினாள்.

கண் பட்ட சட்டிகளுக்குச் சராசரி முப்பத்தேழு தும்மல். மறைத்த சட்டிகளுக்கும் முப்பத்தேழு. ஆறாம் சட்டிக்கு உசனார் போட்ட தும்மலில் தென்னையிலிருந்து மூன்று தேங்காய் விழுந்தன. அதையும் கொப்பியில் குறித்தாள், கணக்கில் சேர்க்கவில்லை. பின்னேரம் மூடியைத் திறந்தபோது பத்துச் சட்டியும் பாகுபாடில்லாமல் ஓடின.

"ஆடு, ஒண்டு கேளு," என்றது வேலி. "என்ட கண்ணுக்கு அவ்வளவு சக்தி இருந்தா, வாளியத் திருப்பின அண்டைக்கே அவள் எரிஞ்சிருப்பாள். நாசமறுந்தவள், இன்னும் நல்லாத்தானே நிக்காள்."

புஸ்பம் கொப்பியை விரித்தாள். கண் இல்லையென்றால் வேறென்ன? பால் சரி, மோர் சரி, தராசு சரி. எதை இன்னும் சோதிக்கவில்லை என்று ஒவ்வொன்றாகக் கொப்பியில் வெட்டிக்கொண்டு வந்தாள். வெட்டாமல் மிஞ்சியது வெப்பமானி. நிலையத்தில் ஊரார் பாலைச் சோதித்தது, விலகும்போது கூடவே கொண்டுவந்தது; தயிருக்கு விரலால் சூடு பார்ப்பதை விட்டு அதை எடுத்து மூன்று கிழமைதான். அதன்மேல் சந்தேகப்படுவது தன்மேல் சந்தேகப்படுவதுபோல இருந்தது.

தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து அதை உள்ளே விட்டாள். தொண்ணூற்றொன்றில் நின்றது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். குழாயின் உச்சியில், எறும்பு முட்டையளவு, அறுந்துபோன பாதரசத் துண்டொன்று ஒட்டிக் கிடந்தது. அந்தத் துண்டின் நீளம் சரியாக ஒன்பது பாகை. அவள் நாற்பத்திரண்டு என்று நம்பி உறை ஊற்றிய பாலெல்லாம் ஐம்பத்தொன்றில் இருந்திருக்கிறது. உறைமோரை அவளே வேகவைத்திருக்கிறாள்.

தயிரின் கதை அதோடு முடிந்தது. ஆனால் மனம் அங்கே நிற்கவில்லை. பால் சூடாக இருந்தால், தண்ணீர் கலந்த பாலில்போலவே, பால்மானி கூடுதலாகத் தாழும். அந்தச் சூட்டை வெப்பமானி குறைத்துக் காட்டினால், நல்ல பாலும் தண்ணீர் கலந்த பாலாகத்தான் தெரியும். இந்தத் துண்டு எப்போது அறுந்தது? மூன்று கிழமைக்கு முன்னா, பதினொரு வருடத்துக்கு முன்னா? அதை அளக்க உலகத்தில் எந்தக் கருவியும் இல்லை.

காலடியில் நின்ற கோழியை விரட்டினாள். வெப்பமானியைக் கையில் பிடித்துக்கொண்டு வேலியண்டை போனாள். பெயரைச் சொல்ல வாய் பழக்கம் விட்டுப் போயிருந்தது.

"கேதீசு," என்றாள். "இஞ்ச ஒருக்கா வாகா. உன்னட்டத்தான் கதைக்கிறன்."

அந்த வேலிக்கு அங்கால வாவிதான். எந்தக் காலத்திலும் அங்கே ஒரு வீடு இருந்ததில்லை. காலையில் உசனார் வேலிக்கு அங்கால பார்த்ததும் வெறும் தண்ணீரைத்தான்.