பெயர் சொல்லாத சடகோபன்

என் மச்சினன் சடகோபனை நினைத்தால் இன்றும் எனக்குப் பல் நறநறக்கிறது.

1938-இல் அமெச்சூர் ரேடியோப் போட்டி. புத்தூரில் நான், ஸ்ரீரங்கத்தில் அவன். மாலை ஆறு மணிக்குள் மோர்ஸ் தட்டி அதிக நிலையங்களைப் பிடித்தவருக்குக் கோப்பை. கொழும்புத் தோட்டத்துரை ஒருவனும் நானும் சமமாக நின்றோம். எனக்கு இன்னும் ஒரே ஒரு நிலையம் வேண்டும். மிச்சமிருந்தவன் சடகோபன்தான்.

அவனோ, "நன்றி, அடுத்தது யார்? நன்றி, அடுத்தது யார்?" என்றே தட்டிக்கொண்டிருந்தான். தன் கால் சைனை, அதாவது நிலையத்தின் அடையாளப் பெயரை, மட்டும் சொல்ல மாட்டான். காதில் விழாத கால் சைன் கணக்கில் சேராது. ரங்கூன்காரனும் சிங்கப்பூர்க்காரனும் "நீ யார்? நீ யார்?" என்று கெஞ்சியதில் என் ஹெட்போனே பழுக்கக் காய்ந்தது. நானும் கேட்டேன். "நன்றி, அடுத்தது யார்?"

சைக்கிளை எடுத்தேன். காவிரிப் பாலத்தில் நான் கிளப்பிய புழுதி, முக்கொம்பில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களின் புளியோதரையில் போய் விழுந்திருக்கும்.

"ஏண்டா, உனக்குப் பேரே வைக்கலையா?"

"நான் தட்டற கை உலகத்துக்கே தெரியும் அத்திம்பேர். பேர் சொல்ற நேரத்துல இன்னும் ரெண்டு பேரைப் பிடிச்சுடுவேன்."

உள்ளேயிருந்து மாமனார் கத்தினார்: "மாப்பிள்ளை வந்திருக்கார். சேவிக்காம என்னடா பேச்சு?"

சடகோபன் விழுந்து சேவித்தான். எழுந்து, காதைத் தொட்டுக்கொண்டு, பெரியவர்களிடம் தன்னை இன்னான் என்று அறிவிக்கும் அபிவாதயே சொன்னான்: ரிஷிகள், கோத்திரம், சூத்திரம், சாகை, கடைசியில் பெயர்.

"பாத்தேளா மாமா! தினம் பாக்கற எனக்கு ரிஷிலேர்ந்து சொல்றான். மூஞ்சியே தெரியாத ரங்கூன்காரனுக்குப் பேர் சொல்ல இவனுக்கு வாய் வலிக்கறது!"

"சொல்லித் தொலையேண்டா. மரியாதையா, முழுசா சொல்லு" என்றார் மாமனார்.

"சரிப்பா. அத்திம்பேர், நீங்க ஆத்துக்குப் போய்க் கூப்பிடுங்கோ. முழுசாவே சொல்றேன்." சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பறந்து வந்து ஹெட்போனை மாட்டி அழைத்தேன். ஆறடிக்கக் கொஞ்ச நேரமே இருந்தது. பதில் வந்தது: "அபிவாதயே."

படுபாவி! ஒவ்வொரு ரிஷியையும் எழுத்தெழுத்தாக, குழந்தைக்குச் சோறூட்டும் நிதானத்தில் தட்டினான். கோத்திரம் வந்தது. சூத்திரம் வந்தது. நான் மேஜையைக் குத்திய குத்தில் மலைக்கோட்டையே அசைந்தது. சாகையில் இருக்கும்போது கூடத்துக் கடிகாரம் ஆறடித்துவிட்டது. அப்புறம் வந்தது பெயர், கால் சைனோடு, கண்ணாடி மாதிரித் தெளிவாக.

சமமானால் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியவருக்கு என்ற விதிப்படி கோப்பை கொழும்புக்குப் போயிற்று. மறுவருஷம் யுத்தம் வந்து, எங்கள் பெட்டிகளையே சர்க்கார் பிடுங்கிக்கொண்டது.

சடகோபன் இன்றும் நல்ல நாளில் சேவிக்க வருகிறான். காதைத் தொட்டுக்கொண்டு ஆரம்பிப்பான். சாகை வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெயர் வருவதற்குள் எழுந்து உள்ளே போய்விடுவேன்.